விளையாட்டு விடுதிக்கும் ஓர் உளவியலாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் குகேஷ் செஸ் உலக சாம்பியன் ஆனார். அவருடைய மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் பற்றி அதற்குப் பிறகு பலர் என்னிடம் கேட்கிறார்கள். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் இருந்தவர் அவர். "நம்ம பிள்ளைக்கும் அப்படி ஒரு ஆளு கிடைப்பாங்களாம்மா?" என்று பெற்றோர் கேட்பது சந்தோஷம்தான். ஆனால் உலகப் பட்டத்துக்கு ஆடுகிறவரைவிட, முதல்முறை மாவட்டப் போட்டிக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் இந்தத் துணை முதலில் வேண்டும் என்பது என் கட்சி.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்லூரி வரை லாங் ஜம்ப் தாண்டியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் முடிந்து கால் சரியாகிவிட்டது. ஆனால் தாண்டுவதற்கு மிதிக்கும் பலகையான போர்டில் அந்தக் காலை ஊன்ற மட்டும் மனசு வரவில்லை. டாக்டர் "கால் நல்லா இருக்கு" என்றார், கோச் "தைரியமா தாண்டு" என்றார். இரண்டுக்கும் நடுவே பேச ஆளில்லை. அதனால்தான் உளவியல் படிக்கப் போனேன். படித்து முடித்து, மருத்துவமனையில் பயிற்சி எடுத்துக்கொண்டு, மறுபடி மைதானத்துக்கே வந்துவிட்டேன்.

அறையில் மேசை போட்டு உட்கார்ந்தால் ஒரு பிள்ளையும் வராது. மணல் குழியைச் சமன் செய்வேன், டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பேன். பேச்சு அப்போதுதான் வரும். போர்டைத் தாண்டி மிதித்து இரண்டு ஃபவுல் ஆன பிறகு மூன்றாவது முறை ஓடிவரும் பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் மூன்று வாய்ப்பில் ஒன்றாவது அளந்தால்தான், முதல் எட்டுப் பேருக்குக் கிடைக்கும் அடுத்த மூன்று வாய்ப்பைப் பற்றி நினைக்கவே முடியும். பயிற்சியில் அளவெடுத்ததுபோல் ஓடுகிற பெண், போட்டியில் போர்டுக்கு முன்பே அடியைக் குறைத்து, எங்கேயோ நின்று தாண்டுவாள். கோச்சுக்கு அது ரன்-அப் கோளாறு. மெதுவாகக் கேட்டால், "ஸ்டேட் சர்டிபிகேட் வாங்கினாத்தான் வேலைன்னு அப்பா சொல்லியிருக்காங்கக்கா" என்பாள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றாவது தாண்டலில் வீட்டு வாடகையும் தம்பி படிப்பும் அவளோடு சேர்ந்து ஓடி வருகின்றன.

இதற்கு நாங்கள் செய்வதில் மாயம் எதுவும் இல்லை. பயிற்சியிலேயே "இரண்டு ஃபவுல் ஆச்சு, ஒன்றுதான் பாக்கி" என்று வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துத் தாண்டச் சொல்வோம். ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்கு: மார்க்கில் நிற்பது, மூச்சை நீளமாக விடுவது, போர்டைப் பார்க்காமல் குழிக்கு அப்பால் ஒரு புள்ளியைப் பார்ப்பது. வாரக்கணக்கில் இதையே செய்தால் போட்டியன்றும் உடம்புக்கு அது பழகியதாக இருக்கும். ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் பயம். 2010 முதல், துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பும் ஒரே ஃபால்ஸ் ஸ்டார்ட்டில் ஆள் வெளியே. 2011 தேகு உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டே அப்படி வெளியேறினார் என்று சொன்னால் சிரித்துவிடுவார்கள். சிரித்தால் தோள் இறுக்கம் தளரும்.

மேடை போட்டு, மைக் பிடித்து, "உன்னால் முடியும்" என்று கத்திவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. கைதட்டலுக்கு மறுநாள் அந்தப் பிள்ளைகள் எங்களிடம்தானே வருகிறார்கள்!

இந்த வேலையில் சிக்கலே வேறு. "பிள்ளை என்ன சொல்லிச்சு?" என்று கோச் கேட்பார், அப்பா கேட்பார், அணி தேர்வு செய்கிறவரும் கேட்பார். உயிருக்கு ஆபத்து, யாராவது தொந்தரவு செய்கிறார்கள் என்பது போன்றவை தவிர, பிள்ளை சொன்னது அதன் சம்மதமில்லாமல் வெளியே போகக்கூடாது. இதற்காகவே ஓர் அகாடமியில் என்னை வேண்டாம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். பயத்தைச் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை அப்புறம் யாரிடமும் வாய் திறக்காது. காயத்தையும் மறைக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாதியில் விலகிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். "ஒருதடவை விலகினா அவ்வளவுதான்" என்கிற பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு உங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள்: சில விடுதிகளுக்குச் சேர்த்து ஒருவர் என்றாலும், முறையாகப் படித்த உளவியலாளரை நிரந்தரமாக நியமியுங்கள். பெரிய போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் கூப்பிடுவதில் பலனில்லை. அவருடைய குறிப்புகள் தேர்வுக் குழுவின் கைக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இதில் அடிப்படைப் பயிற்சி வேண்டும், பிள்ளையின் முகம் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மனச்சோர்வு போன்றவற்றுக்கு மனநல மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும், அது எங்கள் வேலை அல்ல. அதுவரை டெலி மானஸ் என்ற மனநல உதவி மையத்தின் இலவச எண் 14416ஐயாவது ஒவ்வொரு விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு உளவியலாளர்,
பாளையங்கோட்டை