பன்னிரண்டு மணி மிஸ்டு கால்

எனக்கு என்ன ஆனது, எந்த ஆபரேஷன் என்பதெல்லாம் கோத்தகிரியில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது ராத்திரியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்று வார்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீட்டில் வலி மாத்திரைக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று இருந்தது. தாங்க முடியாதபோது மட்டும் போடு என்று அர்த்தமாம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையை மிச்சம் பிடித்தேன். கடைசியில் இருமவே பயம், மூச்சை இழுத்து விடவே பயம்.

என் அழுகைச் சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு நர்ஸ் சிஸ்டர் டார்ச்சோடு ஏறி வந்தார்கள். காட்டெருமை நடமாடும் வழி அது. வந்ததும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “பத்துக்கு எத்தனை வலிம்மா?” என்றார்கள். எட்டு என்றேன். “சரி, எட்டு” என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்கள். என் எட்டை அவர்கள் பேரம் பேசவில்லை. காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, வயிறு உப்பியிருக்கிறதா, தையலில் நீர் கசிகிறதா என்று கேட்டுவிட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் பார்த்து, ஊசி போட்டு, சீட்டை மாற்றி எழுதினார். வலி ஏறிய பிறகு மாத்திரை போட்டால் அதைப் பிடிப்பது கஷ்டமாம். அதனால் வலி இருக்கோ இல்லையோ, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால், கூடவே இன்னொன்று. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, சளி மாத்திரையிலும் அது இருக்கும், ஜாக்கிரதை என்றார். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்க சிஸ்டர் சொல்லித் தந்தார்கள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

காலண்டர் தாளில் 6, 12, 6, 12. பகலுக்கு வீட்டில் ஆள் உண்டு. ராத்திரி 12-தான் சிக்கல். என் வீட்டுக்காரர் அலாரத்தை அமர்த்திவிட்டு மறுபடி குறட்டை விடுகிற ரகம். ஆனால் ஐந்து ராத்திரியும் சரியாக 12-க்கு சிஸ்டரிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. இரண்டு ரிங், கட். நான் கேட்கவே இல்லை. எனக்காக விழித்திருந்தார்கள்.

அப்புறம், குஞ்சப்பனை வழியில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் “அக்கா, பிடிச்சுக்கங்க” என்று சொல்லிச் சொல்லி ஓட்டிய டிரைவர் தம்பி, அர்த்த ராத்திரியில் ஷட்டரைத் தூக்கிய மருந்துக்கடை அண்ணா, கஞ்சியும் மிளகு ரசமும் அனுப்பிய அக்கம்பக்கத்து வீடுகள் எல்லோருக்கும் நன்றி. யார் பாத்திரம் எது என்று இங்கே ஒரே குழப்பம், தயவுசெய்து வந்து எடுத்துப் போங்கள்.

இனி ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்கப் போனால், ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டும் முன்னே “பத்துக்கு எத்தனை?” என்று கேட்பேன். சொல்கிற எண்ணை நம்புவேன்.

இப்போது மாத்திரையைக் குறைத்தாயிற்று, ராத்திரி கூப்பிட வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொல்லியிருந்தேன். நேற்று 12-க்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழ் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.