அப்பாவின் புத்தகப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலமான தம் தகப்பனாரின் புத்தகங்கள் நான்கு டிரங்குப் பெட்டிகளில் கிடப்பதாகவும், நூலகத்தில் கேட்டதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டதாகவும், வீடு கைமாறப் போவதால் எடைக்குப் போடுவதைத் தவிர வழி தெரியவில்லை என்றும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அடுத்த வாரம் இன்னொரு வாசகர், பழைய புத்தக வியாபாரிகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் சரஸ்வதியைக் காசாக்குகிறவர்கள் என்று எழுதினார். நான் அந்த வியாபாரிகளில் ஒருத்தி. இருவருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கும்பகோணத்தில் என் வீட்டு முன்கட்டுதான் கடை. படிக்கும் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை.மு. கோதைநாயகி நாவல்களை அடுப்படியிலேயே உட்கார்ந்து படித்து முடிப்பார். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து அட்டை ஒட்டி வைத்தார். மயில்துத்தம் கலந்த பசையைப் பூச்சி அவ்வளவாக நெருங்காது. மணியம் வரைந்த படங்களோடு அந்தப் பைண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அது விற்பனைக்கு இல்லை.

முதல் சம்பளத்திலிருந்தே நானும் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தேன். சென்னைக்குப் போனால் மூர் மார்க்கெட். 1985இல் அது எரிந்துபோன பிறகு திருவல்லிக்கேணி நடைபாதை. ஊரில் பழைய பேப்பர் கடைகள். என் கணவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அலமாரிக்கு மேல் அலமாரியாக அடித்துக் கொடுத்தார். விற்கும் எண்ணம் அப்போது எனக்குக் கொஞ்சமும் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் ஒருவர் எனக்கு நிறையப் புத்தகம் கொடுத்துப் படிக்க வைத்தவர். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் ஊருக்குத் திரும்புவதற்குள் வீட்டைக் காலி செய்தார்கள். புத்தகங்கள் கிலோ கணக்கில் போய்விட்டன. நான் கேள்விப்பட்டு எடைக்கடைக்கு ஓடியபோது பெரும்பகுதி லாரி ஏறியிருந்தது. பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாமேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான். ஆனால் அந்தக் காகிதத்துக்கு எடைக்கு மேல் ஒரு மதிப்பு உண்டு என்று அவர்களிடம் சொல்ல அந்த ஊரில் யாரும் இல்லை. நூலகம் வேண்டாம் என்றது, உறவினர் வேண்டாம் என்றார்கள், எடைக்கடைக்காரர் மட்டும் சரி என்றார். "எனக்கு வேண்டும், இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லும் ஒரு ஆள் ஊருக்கு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கிழிப்பதற்கு முன் கை நிற்கும்.

இதில் காவிரிப் படுகைக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கி, அங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமை பெற்றது. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்தார். சீவகசிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அந்த ஆண்டுகளில்தான் அச்சேறின. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சொந்த அச்சகம் வைத்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலைக் கொண்டுவந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம், மடங்களின் வெளியீடுகள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நஞ்சை நிலம், கோயில், மடம், கோர்ட்டு, கல்லூரி இவ்வளவும் ஓர் இடத்தில் சேர்ந்திருந்ததால் படிக்கிற வீடுகளும் இங்கே அதிகம். அந்த வீடுகள்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு விலைக்கு வருகின்றன.

ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கதையை எல்லோரும் வருத்தத்தோடு பேசுகிறோம். அச்சுப் புத்தகம் அதே வழியில் போய்க்கொண்டிருப்பதை யாரும் பேசுவதில்லை. அச்சானது என்றால் ஆயிரம் பிரதி இருக்கும், எங்காவது ஒன்று கிடைக்கும் என்று நினைக்கிறோம். ஒரு சிறிய ஊர் அச்சுக்கூடத்தில் சில நூறு பிரதி அடித்து, சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே கொடுத்து முடித்த புத்தகம் அப்படிக் கிடைக்காது.

படிப்பதும் சேர்ப்பதும் வேறு, வியாபாரம் வேறு. இதைக் கற்றுக்கொள்ள எனக்குக் காலம் பிடித்தது. படிப்பவள் முதல் பக்கத்தைத் திறப்பாள். வியாபாரி பாரம் பாரமாக எண்ணிப் பார்ப்பாள். எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ சேர்ந்த ஒரு பாரம் நடுவில் விட்டுப்போயிருந்தால் மேலட்டை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. பெரும்பாலும் தலைப்புப் பக்கம்தான் முதலில் போயிருக்கும். அந்தப் பக்கம் இருந்தாலும் ஆண்டு நேராகக் கிடைக்காது, 'சர்வஜித்து வருஷம்' என்று மட்டும் போட்டிருக்கும். அது 1887ஆ, 1947ஆ? அறுபது வருஷச் சுழற்சியில் இரண்டும் சர்வஜித்துதான். அப்போது மற்றவற்றைப் பார்க்க வேண்டும். அச்சுக்கூடத்தின் பெயர், தாளின் பக்குவம், எழுத்தின் வெட்டு. விலை அணாவில் இருந்தால் 1957க்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். 1867ஆம் வருஷத்து 25ஆவது ஆக்டின்படி ரிஜிஸ்டர் செய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தால் அதற்குப் பிந்தியது.

தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1870களின் புத்தகம் பல சமயம் 1940களின் புத்தகத்தைவிடத் திடமாக இருக்கிறது. கந்தைத் துணி சேர்ந்த பழைய தாள் இன்னும் வளைந்து கொடுக்கும். மரக்கூழில் செய்த தாளில் அமிலம் ஊறிக்கிடக்கிறது. அதுவும் போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்ததில் அடித்த புத்தகங்கள் தொட்டால் அப்பளமாக நொறுங்குகின்றன. ஆகவே பழையது பத்திரம், புதியது சும்மா என்று பிரிக்காதீர்கள். இன்னும் ஒரு தலைமுறை தாங்காதது அந்த 1940களின் புத்தகம்தான்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது கையொப்பக்காரர் பட்டியல். அந்தக் காலத்தில் முன்பணம் தந்தோ வாக்குத் தந்தோ புத்தகம் வெளிவர உதவியவர்கள் பெயரைப் பின்னால் அச்சடித்தார்கள். திருவிடைமருதூர், வலங்கைமான், நன்னிலம், சீர்காழி என்று ஊர் ஊராகப் பெயர்கள் வரும். மிராசுதார், பள்ளி உபாத்தியாயர், ரயில்வே குமாஸ்தா. ஒரு தமிழ்ப் புத்தகத்தை உயிரோடு வைத்த மனிதர்கள் இவர்கள். அவர்கள் பெயர் வேறெங்கும் இல்லை. பட்டியல்தானே என்று அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கணக்கு எழுதிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

கும்பகோணத்தில் ம.வீ. இராமானுஜாசாரியார் பல ஆண்டுகள் பாடுபட்டு மகாபாரத மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். இன்று ஒரு வீட்டில் ஆதி பருவம் இருக்கும், இன்னொரு வீட்டில் சாந்தி பருவத்தில் ஒரு பாகம் மட்டும் இருக்கும். தனித்தனியாகக் கிடக்கும்வரை இரண்டு வீட்டுக்கும் அது பாதிப் புத்தகம். பல வீடுகளிலிருந்து வாங்கிச் சேர்த்து, ஒரு முழுத் தொகுதி அமைந்து, அதைத் தேடி அலைந்த ஒருவர் கையில் கொடுத்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இதைக் காசுக்காகச் செய்தேனா என்றால், ஆம், காசும் வாங்கினேன். அந்தக் காசில்தான் அடுத்த வீட்டுப் பெட்டியை வாங்குகிறேன்.

சரஸ்வதியைக் காசாக்குகிறவர்கள் என்ற வாசகருக்கு என் முறையைச் சொல்கிறேன். நான் விற்கக்கூடிய விலை இது என்று முதலில் சொல்வேன், அதில் பாதி கொடுப்பேன். பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். நினைத்ததைவிட அதிகத்துக்குப் போனால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பங்கு கொடுப்பேன். நூலக முத்திரை இருக்கும் புத்தகத்தைத் தொடமாட்டேன். அரிதானதாக இருந்தால் விற்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, கேட்கும் ஆய்வாளருக்குச் சும்மா தருவேன். சுவடியோ பழைய கையெழுத்துப் பிரதியோ வந்தால் வாங்குவதே இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள கையெழுத்துப் பிரதி 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் கூடாது. தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்று வழி சொல்லி அனுப்புகிறேன்.

சென்னையில் 1994இல் உருவான ரோஜா முத்தையா நூலகத்தின் அடிப்படை, கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்கள். புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் ஒரு குடும்பத்தின் சேகரிப்புதான். தனி மனிதர்கள் சேர்க்கவேண்டுமென்றால் எங்காவது விலைக்குக் கிடைக்க வேண்டும். தபாலில் வேலை பார்த்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன்: பதிவுப் புத்தகத் தபால் என்ற மலிவான வசதியை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். வெளியூர் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு கட்டு அனுப்பும் செலவு அதனால் அப்போது கூடியது. 2025 மே மாதத்தில் 'ஞான் போஸ்ட்' என்ற புத்தகத் தபால் சேவை வந்திருக்கிறது. பழைய வசதியையும் திரும்பக் கொண்டுவரக் கேட்டு உங்கள் நாளிதழ் எழுத வேண்டும்.

அப்புறம் மன்னார்குடி வாசகருக்கு. ஐயா, முதலில் எதையும் தரம் பிரிக்காதீர்கள். இராமாயணமும் திருக்குறளும் நல்லது, மற்றது குப்பை என்று வீட்டார் பிரிப்பார்கள். என் அனுபவத்தில் அந்தக் குப்பையில்தான் விஷயம் இருக்கும். குஜிலி என்ற மலிவுப் புத்தகக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற, வெள்ளத்தையும் கொலையையும் பாட்டாகச் சொல்லும் வெள்ளச் சிந்து, கொலைச் சிந்து, நாடகப் பாட்டுப் புத்தகம், பழைய பஞ்சாங்கம், சங்கீதக் கச்சேரி நோட்டீஸ், கட்சித் துண்டறிக்கை. திருவாரூரில் 1942இல் 'முரசொலி' துண்டறிக்கையாகத்தான் தொடங்கியது. அந்தக் காலத் துண்டுக் காகிதங்களை யார் எடுத்து வைத்தார்கள்? நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கம் சில வீடுகளில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், அச்சான நூல்கள் இருக்கின்றன. எழுத்து படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அவற்றை ஓதும் கிதாபு என்று மட்டும் நினைத்திருக்கலாம்.

கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டவேண்டாம், அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும். அப்பா எழுதிய பெயரையும் ஓரக் குறிப்பையும் அழிக்கவேண்டாம். இராமபாணப் பூச்சி ஓடினால் வெயிலில் பரப்பாதீர்கள். நிழலில் காற்றாட வைத்து, மென்மையான பிரஷால் தட்டி, வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். 2018இல் கஜா புயலுக்குப் பிறகு திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓடு பறந்த வீடுகளில் நனைந்த புத்தகங்களை வெயிலில் காயவைத்துவிட்டார்கள், பலகை மாதிரி இறுகிப்போயின. நனைந்தால் பக்கங்களுக்கிடையே வெற்றுத்தாள் செருகி மின்விசிறிக்கு அடியில் வைப்பதே சரி.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன், நான்கு பெட்டியில் மூன்று பெட்டிக்குப் பெரிய விலை வராது. பாடநூல்கள், பலமுறை மறுபதிப்பு வந்தவை, எல்லா வீட்டிலும் இருக்கும் வாரப் பத்திரிகைகள். அவற்றைப் பக்கத்துப் பள்ளிக்கோ படிக்கும் பிள்ளைகளுக்கோ கொடுங்கள். மீதியை என்னிடம்தான் தரவேண்டும் என்றில்லை, இந்தத் தொழிலில் நியாயமானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இரண்டு பேரிடம் காட்டி விலை கேளுங்கள்.

நூலகத்துறைக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வரியோடு நூலக வரியும் நாங்கள் கட்டுகிறோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் முக்கிய நூலகங்களில் ஆளுக்கு இரண்டு அலமாரியை அந்தந்த மாவட்டத்தில் அச்சான பழைய நூல்களுக்கு என்று ஒதுக்குங்கள். கொண்டுவருகிறவரிடம் இடமில்லை என்று சொல்வதற்கு முன் தலைப்புப் பக்கத்தையாவது பார்த்துப் பதிவு செய்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேட்டுக்கு உதவ ஆள் வேண்டுமென்றால் சம்பளம் இல்லாமல் நான் வருகிறேன்.

மன்னார்குடி வாசகர் விரும்பினால் உங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் சொல்லட்டும். பத்திரப் பதிவு என்றைக்கு என்று தெரிந்தால் அதற்கு முன்பே வந்து பார்க்கிறேன். அதுவரை பெட்டிகள் தரையில் இருந்தால் நான்கு செங்கல் வைத்துத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், ஐப்பசி மழை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
பழைய புத்தகக் கடைக்காரி,
கும்பகோணம்