எழுவாய் எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் "இன்னொரு கால் வருதும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் அப்படி வைக்க முடியாது, மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் மத்தியானக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நீயே கூப்பிட்டு, "டிவியைப் போடும்மா, கீழே ஓடுற பிரேக்கிங் நான் அடிச்சது" என்றாய். போட்டேன். கூட்டணிக் கட்சி ஒன்று தொகுதிப் பங்கீட்டில் அதிருப்தியில் இருப்பதாகக் கூறப்படுகிறது என்று சிவப்புப் பட்டையில் ஓடியது. மகன் எழுதியதை ஊரே பார்க்கிறதே என்று பெருமையாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு அக்காவைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் காலையில் அதே பட்டையில் "அதிருப்தி இல்லை, கட்சி மறுப்பு" என்று ஓடியது. அதுவும் பிரேக்கிங். "யார்டா உன்கிட்ட சொன்னது?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்றாய்.

சரி, புரியாதுதான். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேலாக விடிகாலை நாலு மணிக்குத் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டுப் பிரிக்கிறவள் நான். உன் அப்பா இருந்தவரை அவர் பிரித்தார், நான் இணைப்பைச் செருகினேன். இப்போது இரண்டும் நான்தான். எல்லாப் பேப்பரும் ஒரே நேரத்தில் கையில் இருப்பது ஏஜென்டுக்கு மட்டும் கிடைக்கிற வசதி. ஒரே பொதுக்கூட்டம் ஒரு பேப்பரில் மக்கள் வெள்ளம், இன்னொன்றில் ஆறாம் பக்கத்து மூலையில் நாலு வரி. வீடு வீடாகப் பேப்பர் போடும் லைன் பையன்கள் வரும்வரை இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அதனால் கட்சிச் சாய்வு எனக்கு ஒரு பெரிய குறையாகத் தெரிவதில்லை. முரசொலி 1942லிருந்து வருகிறது. அதை வாங்குகிறவருக்கு அது யார் பேப்பர் என்று தெரியும். சன் டிவி, ஜெயா டிவி, கலைஞர் டிவி, எதைப் போட்டாலும் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நம் ஜனங்களுக்குத் தெரியும். திண்ணை யாருடையது என்று தெரியாமல் உட்கார வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா தோன்றா எழுவாய் நடத்தியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "வந்தான்" என்று மட்டும் சொன்னால் ஆள் வெளியே தெரியவில்லை. ஆனால் "ஆன்" என்ற விகுதியைப் பிடித்து இழுத்தால் உள்ளேயிருந்து "அவன்" வந்துவிடுவான். மறைந்திருக்கிறானே தவிர இல்லாமல் போகவில்லை என்பார். உன் "கூறப்படுகிறது" அப்படியில்லை. பிடித்து இழுத்தால் "அது" என்று ஒன்று வருகிறது, கூறியவர் வருவதில்லை. செய்திக்கு வினை இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. எழுவாய் எங்கே, தம்பி?

"வட்டாரங்கள் தெரிவித்தன" இன்னும் வேடிக்கை. திருத்துறைப்பூண்டி வட்டாரம் என்றால் எனக்குத் தெரியும், வட்டார வளர்ச்சி அலுவலகம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். "அரசியல் வட்டாரம்" எங்கே இருக்கிறது?

2016 உனக்கு நினைவிருக்கும், அப்போது நீ கல்லூரியில். செப்டம்பர் 22 ராத்திரி ஜெயலலிதாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். டிசம்பர் 5 வரை 75 நாள். அந்த 75 நாளும் நம் கடையில் விற்பனை எகிறியது, அதை மறைக்க மாட்டேன். விற்காமல் திரும்புகிற ரிட்டர்ன் கட்டே கிடையாது. அறிக்கை வரும், மந்திரிகள் வெளியே வந்து மைக்கில் பேசுவார்கள். நலமாக இருக்கிறார், இட்லி சாப்பிட்டார் என்றார்கள். நாங்களும் போஸ்டரை வாங்கிக் கடை முன்னால் மாட்டினோம். மறுவருஷம் செப்டம்பரில் திண்டுக்கல் சீனிவாசன், மந்திரியாக இருக்கும்போதே, மதுரையில் மேடையில் நின்று, இட்லி சாப்பிட்டார் என்று சொன்னதெல்லாம் பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் முதல் பக்கத்தில் போட்டார்கள். அந்தப் போஸ்டரையும் நான்தான் மாட்டினேன்.

நிருபர்கள் கண்டுபிடிக்கவில்லையே என்று நான் குறை சொல்லவில்லை. உள்ளே யாரையும் விடவில்லை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றதைப் பார்த்தேன். ஆனால் எங்களிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாமே. "இன்ன மந்திரி இப்படிச் சொன்னார். நேரில் பார்த்தீர்களா என்று கேட்டோம், பதில் சொல்லவில்லை. எங்களை உள்ளே விடவில்லை." நாளுக்கு ஒருமுறை இதையே தலைப்பாகப் போட்டிருந்தால் நாங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டிருப்போம். நான் பிரித்த கட்டுகளில் அப்படி ஒரு தலைப்பைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அப்புறம் டிசம்பர் 5 சாயங்காலம். ராத்திரி பதினொன்றரைக்கு இறந்ததாகப் பிறகு அறிவிக்கப்பட்டவரை, சில டிவிக்காரர்கள் சாயங்காலமே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். சென்னையில் கட்சி ஆபீஸ் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். அந்தச் செய்தியை மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏற்றினார்கள். நம் தெருவில் ஷட்டர் இறங்கிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பஸ்ஸை நிறுத்திவிடுவார்களோ என்று ஜனங்கள் ஓடினார்கள். அப்பா பக்கத்து ஊரில் வசூலுக்குப் போயிருந்தார். எப்படி வருவாரோ என்று நான் வாசலுக்கும் டிவிக்கும் நடந்தேன். "தகவல் வெளியாகியுள்ளது" என்றுதான் அன்றைக்கும் ஓடியது. வெளியாகியுள்ளது என்றால் யார் வெளியிட்டது? தானாக எழுந்து கதவைத் திறந்துகொண்டு வருமா தகவல்?

நீ கேட்பாய், பேரைப் போட்டால் எவன் பேசுவான் என்று. நியாயம்தான். ஒரு குமாஸ்தா தன் ஆபீசில் நடக்கிற திருட்டைச் சொல்கிறார், பேர் வெளியே வந்தால் வேலை போகும், ஒருவேளை உயிரே போகும். அவரை ஒளித்து வை. யார் கேட்டாலும் சொல்லாதே, பெற்றவள் கேட்டாலும் சொல்லாதே. ஆனால் செவ்வாய்க்கிழமை உனக்குப் போன் போட்டு அதிருப்தி என்று சொன்னவர் அந்த ரகமா? இரண்டு சீட்டு கூடக் கேட்க வேண்டும், அதற்கு எதிராளியைக் கொஞ்சம் பயமுறுத்த வேண்டும். அதற்கு உன் பட்டையைக் கடன் வாங்கினார். காரியம் முடிந்ததும் மறுப்பு விட்டார். பயந்து ஒளிகிறவருக்கும் ஆதாயத்துக்காக ஒளிகிறவருக்கும் ஒரே போர்வையைப் போர்த்துகிறீர்கள். முதல் ஆளுக்குத்தான் அது குளிருக்கு வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சீட்டுக் கணக்கு ஓடுகிற நேரத்தில் என்ன ஓடாமல் போகிறது என்று பார்த்தாயா? 2018 பிப்ரவரி 16, காவிரித் தீர்ப்பு. நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 192 டி.எம்.சி.யில் 14.75ஐக் குறைத்து 177.25 என்றது சுப்ரீம் கோர்ட். அன்றைக்கு ராத்திரி டிவியில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து, உன் ஆட்சியில் கோட்டை விட்டாய், உன் ஆட்சியில்தான் என்று கத்தினார்கள். உன் மாமா வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அந்த 14.75 எங்கே போனது, எதனால் போனது என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பார்த்தார். கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரின் உள்பக்கத்தில் நான் தேடிப் படித்துக் காட்டினேன். 4.75 பெங்களூர்க் குடிநீருக்கு. மீதி 10, நம் டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக் குறைத்தது. மாமா சிரித்தார். அவர் கொல்லையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர், மாடுகூடக் குடிக்காது. "என் போர்த் தண்ணிய யாருடா வந்து குடிச்சுப் பாத்தது?" என்றார். அதுதானே அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி? கேமராவோடு ஒருவர் கடைமடைக்கு வந்து ஒரு டம்ளரில் பிடித்துக் காட்டியிருந்தால் நாலு கட்டமும் வேண்டியிருக்காது.

ஜூன் 12 ஆனால் மேட்டூரில் யார் பட்டனை அழுத்தினார்கள், யார் பூத் தூவினார்கள் என்று முதல் பக்கம் நிறையும். அந்தத் தண்ணீர் எந்தத் தேதிக்கு நம் வாய்க்காலுக்கு வந்தது என்று எவரும் எழுதுவதில்லை. அதற்கு வட்டாரங்கள் தேவையில்லை, ஒரு சைக்கிள் போதும்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்கு முன்னால் ஒரு காலையில், கட்டுப் பிரித்தால் பல பேப்பரில் முதல் பக்கம் ஒன்று போலவே இருந்தது. தலைப்பு, படம், பத்தி எல்லாம் செய்தி மாதிரி. உற்றுப் பார்த்தால்தான் அது தி.மு.க.வைத் திட்டி வந்த கட்சி விளம்பரம் என்று தெரிந்தது. தி.மு.க.காரர்கள் தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். எந்தக் கட்சி செய்தது என்பது எனக்கு முக்கியமில்லை, வசதி வந்தால் எல்லாரும் செய்வார்கள். நம் கடையில் டீ குடித்துக்கொண்டே பேப்பர் படிக்கும் பெரியவர் ஒருவர், "எல்லா பேப்பரும் இதையே போட்ருக்கான்னா நெசமாத்தாம்மா இருக்கும்" என்றாரே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்கு நான் கட்டம் கட்டின சின்ன எழுத்தைக் காட்டினேன். எத்தனை பேருக்குக் காட்ட முடியும்?

நீ பத்திரிகை வேலைக்குப் போகிறேன் என்றபோது அப்பா ஏன் உடனே சரி என்றார் தெரியுமா? 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டலடித்து ஒரு ஜோக் வந்தது. சட்டசபை உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று அவர் ஜெயிலுக்குப் போனார். எதிர்ப்புக் கிளம்பி, சில நாளில் வெளியே விட்டார்கள். பிறகு வழக்குப் போட்டு 1,000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார். அப்பா அந்த இதழைப் பரண் மேல் பெட்டியில் வைத்திருந்தார், கரையான் ஒரு ஓரம் தின்றுவிட்டது. ஒரு ஜோக்குக்கே தன் பேரைக் கொடுத்து முன்னால் நின்ற ஆள் என்று அடிக்கடி சொல்வார். அவர் எழுவாயாக நின்றார் என்று இப்போது எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஷிப்டில் முப்பது பட்டை அடிக்க வேண்டும், பக்கத்துச் சேனல்காரன் போட்டுவிட்டான் நீ ஏன் போடவில்லை என்று மேலே இருப்பவர் கத்துகிறார், அதெல்லாம் நீயே சொல்லியிருக்கிறாய். வேலையை விடு என்று நான் சொல்வேனா? வீட்டுக் கடன் இருக்கிறது. முப்பதில் ஒன்றிலாவது "இன்னார் சொன்னார்" என்று போட முடிகிறதா பார். முடியாத இடத்தில் "சொன்னவர் கட்சிக்காரர், பேரைப் போட வேண்டாம் என்றார்" என்றாவது போடு. அவர் ஏன் சொல்கிறார் என்பதை நாங்களே யூகித்துக்கொள்கிறோம், எங்களுக்கும் மூளை இருக்கிறது.

மாமா புது நெல் அரிசி அரை மூட்டை கொடுத்திருக்கிறார். லாரி ஆபீசில் போடவா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று சொல். வருவதானால் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நான் பஸ் ஸ்டாண்டில்தான் இருப்பேன், கட்டுப் பிரிக்க ஒரு கை கூடக் கிடைக்கும். வந்ததும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆள் யாரென்று என் காதோடு சொல். அவர் ஒன்றும் உயிருக்குப் பயந்த குமாஸ்தா இல்லையே. டீக்கடையில் யாராவது கேட்டால், சென்னை வட்டாரங்கள் தெரிவித்தன என்று சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா