வேதாகம வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மழை கொட்டிய நவம்பரைத் தவிர மாதாமாதம் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் நேரே வாசிப்புக்கு வருகிறேன்.

பழைய ஏற்பாட்டின் நியாயாதிபதிகள் புத்தகத்தை எடுத்தோம். 21 அதிகாரம், ஆனால் 16ஆம் அதிகாரம் மட்டுமே மூன்று கூட்டங்களைப் பிடித்துக்கொண்டது. காரணம் தெலீலாள், இஸ்ரவேலின் பலசாலி சிம்சோனை அவன் எதிரிகளான பெலிஸ்தரிடம் காட்டிக்கொடுத்தவள். வேசி, பெலிஸ்தப் பெண் என்றுதான் எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். வசனத்தில் பார்த்தால் இரண்டுமே இல்லை. காசாவில் சிம்சோன் போன வேசி வேறொருத்தி. தெலீலாள் சோரேக் ஆற்றங்கரையில் இருந்தவள், அவ்வளவுதான், எந்த ஜனம் என்றுகூட எழுதவில்லை.

சிம்சோனின் பலத்தின் ரகசியத்தை அறிந்து சொன்னால் ஆளுக்கு 1100 வெள்ளிக்காசு தருவதாகப் பெலிஸ்தரின் அதிபதிகள் அவளிடம் சொல்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் மீகா என்பவன் தன் வீட்டுக்கு ஆசாரியனாக வைத்துக்கொண்ட லேவியனுக்குப் பேசும் சம்பளம் வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, துணியும் சாப்பாடும் தனி. அப்படியானால் ஒரு அதிபதியின் பங்கே 110 வருஷச் சம்பளம், அதிபதிகளோ ஐந்து பேர் என்று 3ஆம் அதிகாரம் சொல்கிறது. சிம்சோனின் முதல் மனைவியை நெருப்பில் கொளுத்துவோம் என்று மிரட்டியவர்களும் பெலிஸ்தர்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு தெலீலாளின் அழகை மட்டும் பேசியே பழகிவிட்டோம்.

தறி நெய்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தெலீலாள் சிம்சோனின் பலத்தைச் சோதிக்கும் நெசவுக் காட்சியை விரலை விரலில் கோத்துக் காட்டினார். தூங்குகிறவனின் ஏழு ஜடைகளையும் பாவுக்குள் ஊடையாக ஓட்டி, ஆணியடித்து இறுக்குகிறாள், அவன் எழுந்து ஆணியோடும் பாவோடும் பிடுங்கிக்கொண்டு போகிறான். அந்த ஆணிதான் எங்களை 4ஆம் அதிகாரத்துக்குத் திருப்பியது. அங்கே யாகேல் என்ற பெண்ணும் இஸ்ரவேலோடு போரிட்டுத் தோற்று ஓடிவந்த சேனாபதி சிசெராவைக் கூடாரத்துக்குள் அழைத்து, பால் கொடுத்து, போர்த்திவிட்டு, தூங்கும்போது ஆணியை அடித்தாள். எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் யாகேல் பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள்! அவள் ஜனத்துக்காகச் செய்தாள் என்று ஒரு அக்கா வாதாடினார். சரி, ஆனால் யாகேல் இஸ்ரவேல் பெண் என்று எழுதவில்லை, கேனியன் என்ற வேறு இனத்தான் ஒருவனின் மனைவி, அவள் வீட்டுக்காரர் சிசெராவின் ராஜாவோடு சமாதானமாகத்தான் இருந்தார்.

தெலீலாள் செய்தது துரோகம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொஞ்சம் அலங்கரித்துக்கொள்ளும் பிள்ளையை அந்தப் பெயர் சொல்லித் திட்டுவதை நம் வீடுகளில் நிறுத்த வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். ஞாயிறு பள்ளி நாடகத்தில் வழக்கமான சிவப்புச் சேலையும் கொலுசும் இந்த முறை இல்லை, பிள்ளைகளே ஐந்து அதிபதிகளைப் பணப்பையோடு மேடையேற்றினார்கள்.

வரும் ஆண்டு இராஜாக்கள் புத்தகம். ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேல் வருகிறாள், கண்ணுக்கு மையிட்ட அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல் முழுக்க வாசித்துவிட்டு வாருங்கள். முதல் கூட்டம் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 5 மணி.