மூடி இல்லாத போத்தலுக்குத் தாயைத் திட்டி என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டது, களைக்கு அடிக்கிற மருந்தை வாயில் வைத்துவிட்டது என்று மலையகத்திலிருந்து அவ்வப்போது பத்திரிகைகளில் நாலு வரிச் செய்தி வருகிறது. அந்த நாலு வரிக்குள் 'பெற்றோரின் கவனயீனத்தால்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தப் போத்தல் எங்கிருந்து வந்தது, ஏன் தரையில் இருந்தது, அந்த வீட்டில் அதை வேறு எங்கே வைத்திருக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போதும் அங்கேயே இருக்கிறவள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற காம்பரா எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), ஒட்டினாற்போல ஒரு குசினி. கட்டில், பிள்ளையின் தொட்டில், உடுப்புப் பெட்டி, மண்வெட்டி, மருந்தடிக்கப் போகிறவர் இருந்தால் அவர் கழற்றிப் போட்ட சட்டை எல்லாம் அதற்குள்தான். மாதக்கணக்கில் மழை பெய்கிற இடம், விறகு எப்போதும் ஈரம், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் இருட்டோடு அடுப்புப் பற்ற வேண்டும், அதனால் மண்ணெண்ணெய்ப் போத்தல் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள் என்று துண்டுப்பிரசுரம் தருகிறார்கள். சரி, எந்த உயரத்தில்? எங்கள் குசினிகளில் உயரமான இடம் என்று சொல்ல இருப்பது அடுப்புக்கு நேர் மேலே விறகு காய்கிற அட்டல் ஒன்றுதான். மண்ணெண்ணெயைக் கொண்டுபோய் அங்கே வைக்கச் சொல்வீர்களா?

எங்கள் லயத்தில் அண்மையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் காம்பராப் பிள்ளை, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த வயது. அம்மா பீலிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தார், பாட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். மூடி தொலைந்துபோன ஒரு சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய், வாயில் சுருட்டிச் செருகிய கடதாசி. பிள்ளை கடதாசியை இழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாய் குடித்துவிட்டது. இருமல் சத்தம் கேட்டு நாங்கள் ஓடும்போது அதன் சட்டை எல்லாம் மண்ணெண்ணெய் மணம், கண் இரண்டிலும் தண்ணீர். அப்புறம் நடந்ததுதான் பயங்கரம். ஒருவர் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறார், ஒருவர் தேங்காய்ப் பால் கேட்டு ஓடுகிறார், இன்னொருவர் சவர்க்காரத் தண்ணி கொடு என்கிறார். எல்லாரும் அன்போடுதான் செய்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டதே, வாந்தி எடுக்க வைத்தீர்களா என்றுதான்.

ஏன் என்று அப்போது அங்கிருந்த யாருக்கும் தெரியாது, இப்போது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மண்ணெண்ணெய் வயிற்றில் இருக்கிற வரைக்கும் பெரிய ஆபத்துக் குறைவு. அது மெல்லிய எண்ணெய், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, விழுங்கும்போதோ வாந்தி வரும்போதோ கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் நுரையீரல் முழுக்கப் பரவி அதைப் புண்ணாக்கிவிடும். கிருமி இல்லாமலே வருகிற நிமோனியா அது. பிள்ளையை வாந்தி எடுக்க வைப்பது அந்த எண்ணெயை இரண்டாம் தடவை தொண்டை வழியாகக் கொண்டுவந்து நுரையீரலுக்கு வழிகாட்டுவது. தேங்காய்ப் பால், முட்டை வெள்ளை, உப்புத் தண்ணி எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன, வயிற்றைப் பிரட்டி வாந்தியை வரவைக்கின்றன. இன்னொன்று, பிள்ளை கொஞ்ச நேரத்தில் சிரித்து விளையாடத் தொடங்கினாலும் நம்பிவிடக் கூடாது. குறைந்தது 6 மணித்தியாலமாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் மூச்சு வாங்குவதும் காய்ச்சலும் பிந்தி வரலாம். பக்கத்துப் பிள்ளைக்கு அப்படித்தான் வந்தது. ஒட்சிசன் வைத்தார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டது, கடவுள் புண்ணியம்.

ஆனால் அந்த வார்டில் அம்மாவுக்குக் கிடைத்த பேச்சு! எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விரும்பவில்லை, நல்லவர்களும் அங்கே இருந்தார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியவர் அரைகுறைத் தமிழில் "நீ என்ன பார்த்துக்கொண்டு இருந்தாய்" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அம்மா அதற்குப் பிறகு பேசவே இல்லை. என்ன போத்தல், எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். திட்டு வாங்கிப் பயந்த தாய் அடுத்த முறை ஏதும் நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் வருவார், உண்மையையும் குறைத்துத்தான் சொல்வார். பிள்ளைக்குத்தானே அது கெடுதல்?

தோட்ட மருந்து விஷயத்துக்கு வருகிறேன், இதைப்பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். தேயிலை மலையில் களைக்கு அடிக்கிறது ஒருபக்கம், கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கிற பூச்சி மருந்து இன்னொரு பக்கம். கடையில் வாங்கும்போது போத்தலில் தமிழிலும் எழுதியிருக்கிறது, எழுத்துப் பொடியாக இருந்தாலும் இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சத்தைத் தண்ணிப் போத்தலில் ஊற்றி வீட்டுத் தோட்டத்துக்கு என்று கொண்டுவந்த பிறகு அதில் ஒரு எழுத்தும் இல்லை. பிள்ளை குடித்தால் என்ன குடித்தது என்று ஆஸ்பத்திரியில் யாராலும் சொல்ல முடியாது. மருந்துக்கு மருந்து சிகிச்சை வேறு. சில பூச்சி மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உடனே போட வேண்டும், களைநாசினிக்கு அது உதவாது. பிள்ளைக்கு எச்சில் வடிவது, வியர்ப்பது, கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்குவது, வயிற்றால் போவது, உடம்பு துடிப்பது எல்லாம் பூச்சி மருந்தின் அடையாளம். ஒரு நிமிஷமும் நிற்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

குடித்தால்தான் என்று இல்லை. தவழ்கிற பிள்ளை தரையில் கிடக்கிறதைத் தொட்டுத் தொட்டு வாயில் வைக்கிறது, அதன் தோல் மெல்லியது, எடையோடு பார்த்தால் நம்மைவிட அதிகம் மூச்சு இழுக்கிறது. அப்பாவின் மருந்துச் சட்டை மூலையில் கிடந்தால் பிள்ளையும் அந்த மூலையில்தான். வேலை முடிந்ததும் மருந்தடிக்கிற இடத்திலேயே குளித்து உடுப்பு மாற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். எத்தனை தோட்டத்தில் அதற்கு ஒரு குளிக்கிற இடம் கட்டியிருக்கிறார்கள்?

கொழுந்தெடுக்கிற தாய்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் பால் கொடுக்க, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி வருகிறார்கள். இடுப்பில் கட்டிய படங்கு அவிழ்க்காமல், கை பச்சைக் கறையோடு, மருந்தடித்த மலையில் ஏறி இறங்கிய அதே உடுப்போடு உட்கார்ந்து பிள்ளையை மடியில் போடுகிறார்கள். கை கழுவத் தெரியாமலா? கிடைக்கிற நேரம் கொஞ்சம், தண்ணீர் பைப் சில இடங்களில் லயத்துக் கோடியில், திரும்பி மலைக்கு நடந்து போகிற நேரத்தையும் அதற்குள்ளேதான் பிடிக்க வேண்டும், பிந்தினால் கங்காணி சத்தம் போடுவார். பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு பைப், ஒரு சவர்க்காரம், மாட்டிக்கொள்ள ஒரு சுத்தமான மேல்துணி. இது பெரிய செலவா? ஒரு கம்பனி இதைச் செய்ய முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இந்த இடத்தில் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும், மருந்து வாசத்துக்குப் பயந்து பால் கொடுப்பதை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டாம். கையையும் நெஞ்சையும் கழுவி, மேலே உள்ள உடுப்பை மாற்றிவிட்டுக் கொடுங்கள், தாய்ப்பாலால் வருகிற நன்மைதான் பெரிது. அதேபோல, பிள்ளை சவர்க்காரத்தை ஒரு நக்கு நக்கிவிட்டது என்று இரவெல்லாம் அழுகிற தாய்மாரையும் கண்டிருக்கிறேன். சாதாரண சவர்க்காரம் ஒரு நக்கால் பெரும்பாலும் வாய் எரிச்சலும் ஒரு வாந்தியும்தான் வரும். கக்கூஸ் கழுவுகிற அசிட் அப்படியில்லை, அது வாயையும் தொண்டையையும் சுட்டுவிடும், அதற்கும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, தேசிக்காய்ச் சாறும் கொடுக்கக் கூடாது. அந்த அசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகக் கலந்து கழுவினால் குளோரின் வாயு வரும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்குப் போக வேண்டும். கண்ணில் எது பட்டாலும் அதற்குள் தாய்ப்பாலை ஊற்றாமல், ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கால் மணித்தியாலமாவது கழுவுங்கள். சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கிற கற்பூரத்தை மறந்தேவிடுகிறோம், சின்னக் கட்டி ஒன்றை விழுங்கினாலும் சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். உடுப்புப் பெட்டியில் போடுகிற நாப்தலீன் உருண்டையும் ஆபத்துத்தான். இரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அந்த உருண்டை வாசம் ஏறிய துணியைச் சுற்றினாலே இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடலாம், ஆகவே எடுத்துவைத்த பழைய துணியைத் துவைத்து வெயிலில் காயவைக்காமல் பச்சைப் பிள்ளைக்குப் போட வேண்டாம்.

இதெல்லாம் தாய் தெரிந்துகொள்ள வேண்டியது. தாய் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா என்றால் போதாது, அதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து எரிகாயத்தோடு வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மார்மைட் போத்தலைப் பார்த்து, குட்டையாக, கனமாக, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு விளக்கையே புதிதாகச் செய்தார். 'சுதீப' என்ற அந்த விளக்குக்காக 1998ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 1995ல் மோனோகுரோட்டோபொஸ், 1998ல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் என்று கொடிய மருந்துகளை அரசாங்கம் தடை செய்ததால்தான் நஞ்சால் போன உயிர்கள் இந்த நாட்டில் குறைந்தன. தென்னாப்பிரிக்காவில் 1990களில் பிள்ளை திறக்க முடியாத மூடி போட்ட மண்ணெண்ணெய்க் கொள்கலன்களை வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகளின் தொகை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அந்தத் தாய்மார் ஒரே நாளில் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லை, போத்தல் மாறியது.

2022ல் கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது டவுன் வீடுகளுக்குள்ளும் மண்ணெண்ணெய் அடுப்பு திரும்பி வந்தது. அப்போதாவது இப்படி ஒரு மூடியைப் பற்றி யாராவது யோசித்திருக்கலாம். இப்போதும் பிந்திவிடவில்லை. மண்ணெண்ணெய் விற்கிற இடத்திலேயே அப்படி ஒரு போத்தலைக் கொடுக்கலாம். தோட்டங்களில் மருந்தும் வெற்றுப் போத்தலும் லயத்துக்கு வரவே கூடாது, பூட்டுப் போட்ட ஸ்டோரில் கணக்கு வைத்துக் கொடுத்து, மிச்சத்தையும் வெற்றுப் போத்தலையும் கணக்கு வைத்துத் திரும்ப வாங்க வேண்டும். கொழுந்தைக் கிலோ கணக்கில் நிறுத்து எழுதத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா? தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. இனிமேல் இப்படிச் செய்தி வந்தால் 'கவனயீனம்' என்று போடுவதற்கு முன்னால் உங்கள் நிருபரை அந்த வீட்டுக் குசினி வரைக்கும் அனுப்புங்கள். மற்றது, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் என்று ஒன்று இயங்குகிறது, போன் பண்ணிக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன் இலக்கத்தை அவர்களிடமே கேட்டு உறுதி செய்து, இலவச அம்பியூலன்ஸ் 1990ஐயும் சேர்த்து, வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் கொண்டுவாருங்கள் என்ற இரண்டு வரியோடு தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாக ஞாயிறு இதழில் போடுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், பாட்டிமாரும் வாசிக்க வேண்டும். வெட்டி எடுத்துப் பிள்ளைக் காம்பராவிலும் குசினிக் கதவுகளிலும் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பொகவந்தலாவை.