சின்னக் காசுக்கு மட்டும் ஏன் டேக்ஸ்?

ஆசிரியருக்கு வணக்கம். நான் கலிஃபோர்னியால இருக்கேன், மாசம் ரெண்டு வெள்ளிக் காசு வாங்கி பொண்ணுக்குன்னு சேர்த்து வைக்கிறேன். இங்க ஒரே பில்லுல 2,000 டாலருக்கு மேல தங்க, வெள்ளிக் காசோ கட்டியோ வாங்கினா சேல்ஸ் டேக்ஸே கிடையாது, என்னை மாதிரி நூறு இருநூறுக்கு வாங்குறவங்கதான் குறைஞ்சது 7.25 சதவீதம் கட்டணும். 2023க்கு முன்னாடி இந்த வரம்பு 1,500 தான், அதையும் ஏத்திட்டாங்க. டெக்சாஸ்ல 2013லயே வரம்பே வேண்டாம்னு தூக்கிட்டாங்க, அங்க ஒத்தைக் காசு வாங்கினாலும் டேக்ஸ் இல்ல. மொத்தமா வாங்க வசதி இருக்கறவங்களுக்கு சலுகை, சிறுகச் சிறுக சேர்க்கறவங்களுக்கு வரின்னா இது என்னங்க நியாயம்? தலைநகர் சாக்ரமெண்டோல உக்காந்திருக்கிற நம்ம எம்எல்ஏக்கள் அந்த வரம்பை எடுத்துடணும்.