இலை ஏன் மங்கலாகச் சிவக்கிறது

அன்பின் சுகந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது என்று அறிய நிம்மதி. இங்கே இந்தக் காலபோகம் பரவாயில்லை. இரணைமடுக் குளம் வான் பாய்ந்தும் எங்கள் வயல் தப்பிவிட்டது. சின்னவள் ஸ்கொலர்ஷிப் சோதினைக்குப் படிக்கிறாள், வீட்டில் வேறு பேச்சில்லை.

சரி, உன் ஏ.எல் பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். ஒளிர்வு ஆயுள் நுணுக்குக்காட்டி என்றால் என்ன என்று நீ கேட்டதற்கும் அதிலிருந்தே பதில் வரும். கீரையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த பச்சைச் சாற்றில் நீல டோர்ச் அடித்தால் சிவப்பாக ஒளிர்கிறது, அதே கீரை இலையில் அடித்தால் ஏன் அப்படித் தெரிவதில்லை என்று கேட்டார்களாம். அருமையான கேள்வி. மாஸ்டர்ஸ் காலத்தில் நான் செய்த வேலை முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

பச்சையம் ஒளியை விழுங்கி, சக்தி கூடிய அருட்டப்பட்ட நிலைக்குப் போகிறது. சாற்றில் அந்தச் சக்தியை வாங்க ஆளில்லை. ஆகவே அது சராசரி 5, 6 நானோ செக்கன் (ஒரு நானோ செக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு) அப்படியே நின்று, பிறகு ஒரு பகுதியைச் சிவப்பு ஒளியாக விடுகிறது. உயிருள்ள இலையில் ஒளித்தொகுப்பு அந்தச் சக்தியை உடனே பறித்துக்கொள்ளும். அருட்டப்பட்ட நிலையின் ஆயுள் ஒரு நானோ செக்கனுக்கும் கீழே, 0.3 அளவுக்குப் போய்விடும். ஒளிர நேரம் மிகக் குறைவு, அதனால் மங்கலாகத்தான் சிவக்கும்.

இந்த ஆயுளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து நிறமாகக் காட்டுவதுதான் நீ கேட்ட ஒளிர்வு ஆயுள் நுணுக்குக்காட்டி. ஏன் பிரகாசத்தை அளந்தால் போதாது? கோயில் மணியைப் பலமாக அடித்தாலும் மெல்ல அடித்தாலும் சத்தம்தான் கூடிக் குறையும், ஓசை தேயும் வேகம் மாறாது. கையால் தொட்டால் உடனே அடங்கும். மூலக்கூறும் அப்படித்தான். லேசர் கூடினாலும், இலை தடித்திருந்தாலும், பச்சையம் குறைவாக இருந்தாலும் பிரகாசம் மாறும். ஆயுளோ, அந்த மூலக்கூறை யார் தொடுகிறார் என்பதைச் சொல்லும். இதற்காகவே இந்த முறையில் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

அளக்கும் விதமும் அழகு. செக்கனுக்குக் கோடிக்கணக்கான லேசர் துடிப்புகள் அடிப்பார்கள். துடிப்புக்குப் பின் வரும் போட்டோன், அதாவது ஒளித்துகள், எத்தனை பிக்கோ செக்கன் (நானோ செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு) கழித்து வந்தது என்று குறித்து, குறிப்புகளை அடுக்கினால் ஒளிர்வு தேயும் விதத்தைக் காட்டும் வளையி வந்துவிடும். ஒளியை வேண்டுமென்றே மங்கலாக வைப்பார்கள். நூறு துடிப்புக்கு ஒன்று முதல் ஐந்து போட்டோன் வரைதான். கூட வந்தால் முதலில் வந்தது மட்டும் பதிவாகி, ஆயுள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஒளியின் வலிமையை அலைபோல ஏற்றி இறக்கி, ஒளிர்வு எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்க்கும் வழியும் உண்டு. கவியோலா என்ற பௌதிகவியலாளர் 1926 இலேயே அதைச் செய்துவிட்டார்.

மருத்துவத்தில் இதற்குப் பெரிய இடம். நம் கலங்களில் சக்தி மாற்றத்துக்கு உதவும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு சாயமிடாமலே ஒளிரும். தனியாக இருந்தால் 0.4 நானோ செக்கன், புரதத்தோடு ஒட்டியிருந்தால் அதைவிடப் பல மடங்கு. இரண்டின் விகிதத்திலிருந்து கலம் சக்தியை எப்படிச் செலவழிக்கிறது என்று ஊகிக்கலாம், புற்றுநோய்க் கலங்களில் அது மாறுகிறது. பொருத்தமான ஒளிரும் குறிகள் பூட்டிய இரண்டு புரதங்கள் 10 நானோ மீற்றருக்குள் நெருங்கினாலும், ஒன்றின் ஆயுள் குறைந்து காட்டிக்கொடுக்கும்.

ஆனால் எனக்கு மனம் போவது நெல்லின் மேல்தான். சிறுபோகத்தில் தண்ணீர் பிந்தினால் இலைவாய் மூடும், காபனீரொட்சைட்டு உள்ளே வராது. பயன்படுத்த முடியாத ஒளிச் சக்தியால் ஆயுள் முதலில் நீளும், பிறகு இலை அதை வெப்பமாகக் கொட்டத் தொடங்கும்போது மறுபடி குறுகும். இலை மஞ்சளாகும் முன்பே அந்த மாற்றம் உள்ளே நடக்கிறது. நம் நெல் இனங்களை இப்படி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. அந்தக் கருவி விலை கூடியது, லேசரும் குளிரூட்டிய அறையும் வேண்டும். இங்கே எளிய பச்சைய ஒளிர்வுமானியோடு தொடங்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அனுப்புகிறேன், நீ ஒருமுறை வாசித்துச் சொல்லு.

பிள்ளைகளோடு செய்யும்போது அறையை இருட்டாக்கி, சாற்றையும் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வை. டோர்ச்சைக் கண்ணுக்குப் பிடிக்க விடாதே, ஸ்பிரிட்டுக்குக் கிட்ட நெருப்பு வேண்டாம். அப்புறம் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
வாசுகி
கிளிநொச்சி